பதிவும் பதியனும்
“பிளாக்ல எழுதுறேன் அத்தை” என்றேன் சித்தூரில். “பிளாக்லயா? திருமலை தரிசன டிக்கெட்டாடா?” என்றாள். இணையத்தில் எழுதும் பிளாக்கும் கள்ளச்சந்தை பிளாக்கும் தமிழெழுத்தில் ஒன்றுதானே! என் பிளாக்கின் ஆங்கில வேர் மரக்கட்டை. கப்பலின் வேகமறியக் கடலில் வீசிய கட்டையின் ‘லாக்’ என்ற பெயர், வேகம் குறித்த புத்தகத்துக்கும் ஏறியது. 1997இல் ‘வெப்லாக்’, 1999இல் தலை வெட்டுண்டு ‘பிளாக்’. அதில் எழுதுவதைத் தெலுங்கர் ‘டபா’ என்றார்கள். தபால் என்று பொருள். நாம் ‘பதிவு’ என்றோம். பத்திரப்பதிவு, புத்தகப் பதிப்பு, அத்தை மண்ணில் வளைத்து அழுத்திவைக்கும் மல்லிகைப் பதியன், எல்லாம் அழுந்தி நிலைப்பவை. திருப்பதியின் பதிக்கும் தமிழில் ஊர், உறைவிடம் என்பதே பழம்பொருள். வடமொழிப் பதி, தலைவன். பிளாக்குக்குத் தமிழில் சொல்லும் ‘வலைப்பூ’ அழகுதான், ஆனால் சாயங்காலம் வாடிவிடுமே. எனக்குப் பதிவு போதும். அத்தை இன்னும் டிக்கெட் கேட்கிறாள்.