உண்டியலில் விழுந்த காசு

கரூரில் அமராவதி ஆறு வற்றிக் கிடக்கும் மாதங்களில், மணலைச் சல்லடையில் சலித்துக் காசு தேடுகிறவர்களை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். சேரர் காசு, பல்லவர் காசு, சோழர் காசு என்று அந்த மணல் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. 'மாக்கோதை' என்று பழந்தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த சேரர் காசு கிடைத்ததும் இங்கேதான். அவற்றோடு ஆயிரக்கணக்கில் கிடைத்தவை, நம் பழைய ஒரு பைசா அளவே இருக்கும் ரோமானியச் செப்புக் காசுகள்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே இடத்தில் 500க்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. யாரோ செல்வந்தர் புதைத்து வைத்துவிட்டு எடுக்க வராமலே போய்விட்டார். அது சேமிப்பு. ஆற்று மணலில் கிடைத்ததில் பெரும்பகுதி அப்படியல்ல. குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் ஆற்றைக் கடக்கும்போதும் மடியிலிருந்து நழுவி விழுந்த சில்லறை அது. தங்கம் கிடைத்தால் உருக்கி நகை செய்துவிடுவார்கள். செப்புச் சல்லியை யார் தேடப்போகிறார்கள்? அதனால் அது மணலிலேயே தங்கி, சரித்திரத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது.

நம் காலத்துச் சில்லறைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கூர்ந்து பார்த்தால் அதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. காசு மாறும்போதெல்லாம் அதிகம் நஷ்டப்பட்டவர்கள், காசு காசாகச் சேர்த்தவர்கள்தான்.

முதலில் பழைய கணக்கை நினைவுபடுத்திக்கொள்வோம். ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 4 காலணா, அதாவது 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் பதினாறை இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் பின்னம் இல்லாமல் வகுக்கலாம். அரை, கால், அரைக்கால், வீசம் என்று வாய்ப்பாடு படித்தவர்களுக்கு அதைவிட வசதியான கணக்கு வேறு இல்லை.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் சில்லறை மறையத் தொடங்கியது. சண்டையில் யார் ஜெயிப்பார்களோ என்ற பயத்தில் ஜனங்கள் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வெள்ளி ரூபாயை வாங்கிப் பதுக்கினார்கள். 1940இல் சர்க்கார் ஒரு ரூபாய் நோட்டு வெளியிட்டது. வெள்ளி ரூபாயில் 100க்கு 91 பங்குக்கு மேல் இருந்த வெள்ளியைச் சரிபாதியாகக் குறைத்தது. தேவைக்கு மேல் நாணயம் வாங்கி வைப்பதே குற்றம் என்றும் சட்டம் போட்டது.

அடுத்து வந்ததுதான் 1943இன் ஓட்டைக் காலணா. பழைய காலணா ஏறக்குறைய 5 கிராம் எடை. தோட்டாவுக்கும் பீரங்கிக்கும் செம்பு வேண்டியிருந்ததால், நடுவில் துளை போட்டு 2 கிராமில் காலணாவை அடித்தார்கள். அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைகளுக்குக் கட்டியதும், மிஷின் பட்டறையில் வாஷராகப் போட்டதும் உண்டு. காசின் மதிப்பைவிட அதன் உலோகத்தின் பயன் பெரிதாகிவிட்டால் காசு கடைக்கு வராது. இது அன்றைக்கும் உண்மை, பிறகும் உண்மை. ஒரு ரூபாய் நாணயங்கள் எல்லை தாண்டிப் போய் சவர பிளேடாக மாறுகின்றன என்று சில வருஷங்களுக்கு முன் பத்திரிகைகளில் படித்தோமே!

1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100 நயா பைசா. எட்டணா 50, நாலணா 25 என்பதில் சிக்கல் இல்லை. ஓரணாவில்தான் வந்தது வம்பு. ஓரணா என்றால் ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? அதனால் மாற்று அட்டவணையில் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று போட்டார்கள்.

இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். நாலணாவைச் சேர்த்துக் கொடுத்தவருக்கு 25 நயா பைசா. அதே நாலணாவை ஓரணா ஓரணாவாக நாலு தடவை கொடுத்தவருக்கு 24. ஒரு பைசாதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு பைசா, நாலணாவைச் சேர்ந்தாற்போல் கண்ணால் பார்க்க முடியாதவனிடமிருந்து போனது. ஓரணாப் பண்டத்துக்கு 7 நயா பைசா கேட்ட கடைகளும் உண்டு. எங்கள் தெருவில் பாட்டிமார்கள் சாகும்வரை அணாவிலேயே கணக்குப் போட்டதற்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை. புதுக் கணக்கில் தங்களை ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் கடைசிவரை அவர்களுக்குத் தீரவே இல்லை. 1964இல் 'நயா' போய் வெறும் பைசா ஆனபோதுகூட அவர்கள் வாயில் நாலணா, எட்டணா மாறவில்லை. நமக்கும்தான்.

அறுபதுகளின் நடுவில் அலுமினியக் காசுகள் வந்தன. தண்ணீரில் மெல்ல வைத்தால் மிதக்கும் அளவுக்கு லேசு. 3 பைசா, நெளிநெளி ஓரத்தோடு 10 பைசா, அறுகோணத்தில் 20 பைசா என்று விதவிதமாக வந்தன. இடையில் 1968 முதல் சில வருஷங்கள் வந்த பித்தளை நிற 20 பைசா நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் தாமரைப்பூ. தங்கம் கலந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, ஊரெல்லாம் அதே பேச்சு. லட்சுமி பூஜைக்கு 108 காசு வேண்டும் என்று பெண்கள் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அஞ்சலகக் கவுன்டரில் நான் உட்கார்ந்திருந்த காலத்திலும், "தாமரைக் காசு வந்தா எடுத்து வைங்க சார்" என்று சொல்லி வைத்தவர்கள் உண்டு. உலோகத்துக்காகப் பதுக்கிய காசுகளை அறிவேன். பூவுக்காகப் பதுக்கிய காசு அது ஒன்றுதான்.

எழுபதுகளில் 1, 2, 3 பைசாக்கள் மெல்ல மெல்ல மறைந்தன. 1988இல் எவர்சில்வர் 10, 25, 50 பைசாக்கள் வந்தன. விலைவாசி ஏற ஏற அவற்றால் வாங்கப் பொருள் இல்லாமல் போயிற்று. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முன்னால் வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த அறிவிப்பைப் பத்திரிகை படிப்பவர்கள் படித்தார்கள். எங்கள் தெருமுனையில் பூ விற்ற அம்மா படிக்கவில்லை. ஜூலை மாதம் ஒருநாள் ஒரு பால் டின் நிறைய நாலணாக்களைக் கொண்டுவந்து, "இதை நோட்டா மாத்தித் தாங்கண்ணா" என்றார். முழம் பூவுக்கு மிச்சமாக வந்த நாலணாவையெல்லாம் பேத்தியின் கொலுசுக்காகப் போட்டு வைத்தாராம். எண்ணிப் பார்த்தோம். 212 ரூபாய் வந்தது. ஒரு வங்கிக்கு அழைத்துப் போனேன். தேதி முடிந்துவிட்டது என்றார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். அந்த அம்மா எதுவும் பேசாமல் டின்னை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். நானும் பணம் கொடுத்துப் பார்த்தேன், வாங்க மறுத்துவிட்டார். "காசு செல்லலேன்னா நீங்க ஏன் குடுக்கணும்?" என்று கேட்டார்.

ஐந்தே வருஷத்தில் கதை தலைகீழானது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மறுநாள் காலையில் பீரோவில் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்கள் பால் வாங்கக் காசில்லாமல் நின்றார்கள். அப்போது எத்தனை வீடுகளில் பிள்ளைகளின் மண் உண்டியல் உடைந்தது! கேலி பேசப்பட்ட சில்லறை அன்றைக்கு வீட்டுக்குச் சோறு போட்டது. இதை மறக்கக் கூடாது.

நம் தமிழ்நாட்டில் இன்னொரு கூத்தும் நடந்தது. 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று எவரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பிக் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் அதை வாங்க மறுத்தார்கள். 14 வடிவங்களில் வந்த 10 ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் சொன்ன பிறகும், தயக்கம் முழுதாகப் போகவில்லை. சட்டம் செல்லும் என்று சொன்னாலும், எதிரில் நிற்பவர் வாங்கினால்தான் அது காசு.

50 பைசாவும் அப்படித்தான். அது இன்னும் சட்டப்படி செல்லும். கொடுத்துப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பாக்கிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்த காலமும் முடிந்து, இப்போது போனில் பைசா சுத்தமாகக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதில் வசதி உண்டு. ஆனால் சட்டைப்பையில் தவறி விழுந்து, துணி துவைக்கும்போது கிடைத்து, குழந்தை கையில் போய் உண்டியலில் விழும் காசு மட்டும் அதில் இல்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சாமி மாடத்திலோ டிராயரிலோ ஒரு டப்பா இருக்கும். அதைக் கொட்டிப் பாருங்கள். செல்லாத காசில் வகைக்கு ஒன்று பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள். ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயமும் ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை சட்டப்படி கொடுக்கலாம். அதைக் கொண்டுபோய்ச் சில்லறைக்குத் திண்டாடும் காய்கறிக்காரம்மாவிடம் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே அவரிடம் பழைய காசு ஏதாவது இருக்கிறதா, எது செல்லும், எது செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போதும் பத்திரிகை அவர் வீட்டுக்கு வராது.