சண்டாளர் வழிவந்ததா கிறித்தவம்? ஒரு கட்டுக்கதையின் வரலாறு



தமிழில் 'சண்டாளன்' என்பது வசைச்சொல். 'சண்டாளப் பாவி' என்று வீட்டிலும் திட்டுகிறார்கள், சினிமாவிலும் திட்டுகிறார்கள். அது ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மனிதர்களைக் குறித்த பெயர் என்பது திட்டுகிறவர்களின் நினைவில் இருப்பதில்லை. அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே கிறித்தவத்தின் தோற்றத்தையே விளக்கும் ஒரு கோட்பாடாக மாறியது. அந்தக் கதையைத்தான் இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கதை பழையது என்றாலும் அது எழுப்பும் கேள்வி இன்றும் நம் முன் நிற்கிறது. நமக்குப் பெருமை தருவதுபோல் ஒரு பொய் வந்து நின்றால் அதை நாம் என்ன செய்வது?

லூயி ஜக்கோலியோ என்பவர் பிரெஞ்சு இந்தியாவில் நீதிபதியாக இருந்தவர். 1869இல் 'இந்தியாவில் பைபிள்' என்ற நூலைப் பிரெஞ்சில் வெளியிட்டார். உலகின் மதங்களுக்கும் சட்டங்களுக்கும் பிராமண இந்தியாவே தாய் என்பது அவர் வாதம். கிறிஸ்துவின் கதை கிருஷ்ணன் கதையின் நகல் என்று சொன்ன அவர், 'இயேசேயுஸ் கிறிஸ்ன' என்றொரு பெயரையும் சான்றாகக் காட்டினார். அப்படியொரு பெயர் சமஸ்கிருதத்தில் இல்லை. கிருஷ்ண என்றால் கருநிறம். கிறிஸ்து என்பது கிரேக்கச் சொல். 'அபிஷேகம் செய்யப்பட்டவர்' என்று பொருள்படும் 'மெசியா' என்ற எபிரேயச் சொல்லின் மொழிபெயர்ப்பு. ஓசை ஒன்றுபோல் கேட்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. மாக்ஸ் முல்லர் அப்போதே இந்த நூலை நிராகரித்தார். ஆனாலும் நூல் விற்றது, மொழிபெயர்க்கப்பட்டது.

1876இல் ஜக்கோலியோ மனு, மோசே, முகமது ஆகியோரைப் பற்றி இன்னொரு நூல் எழுதினார். மனுவின் சட்டம் என்று ஒரு பாடத்தை அதில் கொடுத்தார். கூடவே ஒரு நீண்ட விளக்கத்தையும் சேர்த்தார். பிராமணச் சட்டத்தால் விரட்டப்பட்ட சண்டாளர்கள் கூட்டங்கூட்டமாக மேற்கே போனார்களாம். செமித்திய மக்கள், அதாவது யூதர்களும் அவர்களைச் சார்ந்த பிறரும், அந்தச் சண்டாளர்களின் வழித்தோன்றல்களாம்.

இதற்கு ஒரு சான்றும் கிடையாது. செமித்திய மொழியான அக்காடியத்தில் எழுதிய களிமண் பலகைகள் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டிலிருந்தே கிடைக்கின்றன. மனுஸ்மிருதியோ கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டு முன்னோ பின்னோ தொகுக்கப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட சட்டம் அதற்கு முன்பே வாழ்ந்த மக்களை எப்படி விரட்டியிருக்க முடியும்?

இந்த நூல் 1888ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்சேயின் கைக்குக் கிடைத்தது. அவர் அதை நம்பினார். யூதர்கள் ஒரு சண்டாள இனம்போலத் தெரிகிறார்கள் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் எழுதிய 'விக்கிரகங்களின் அந்தி', 'கிறிஸ்துவின் எதிரி' ஆகிய இரு நூல்களிலும் மனுவைப் பேசினார். சண்டாளர்மீது ஏவப்பட்ட கொடுமையை அவர் மறைக்கவில்லை, விவரமாகவே எழுதினார். ஆனால் மனுவின் நூலை பைபிளுக்கு மேலே வைத்தார். கிறித்தவத்தை ஆரிய விழுமியங்களுக்கு எதிராகத் தாழ்த்தப்பட்டவர்கள், தோற்றுப்போனவர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்திய கலகம் என்றார். சண்டாளரின் பழிவாங்கல் என்றார்.

அவர் எடுத்துக்காட்டிய விதிகள் சிலவற்றைப் பாருங்கள். சண்டாளருக்கு உணவு வெங்காயமும் பூண்டும்தான். ஆற்றிலும் கிணற்றிலும் அவர்கள் நீர் எடுக்கக் கூடாது. சதுப்பு நிலத்தின் வழிகளிலும் விலங்குகளின் குளம்பு பதிந்த பள்ளங்களிலும் தேங்கிய நீரையே எடுக்க வேண்டும். இவை ஜக்கோலியோவின் பாடத்தில் உள்ளவை. நமக்குக் கிடைத்துள்ள மனுஸ்மிருதியில் இல்லை. பூலரின் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு 1886இலேயே வந்துவிட்டது. நீட்சே அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அப்படியானால் மனு தப்பித்துக்கொண்டாரா? இல்லை. உண்மையான மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தைத் திறந்தால் போதும். சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும். நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து. பிணத்தின் துணியே அவர்கள் உடை. உடைந்த கலத்தில் உண்ண வேண்டும்; இரும்பு நகை அணிய வேண்டும்; இரவில் ஊருக்குள் நடமாடக் கூடாது. இதற்கு மேல் ஒரு வரியையும் யாரும் கற்பனையாகச் சேர்க்கத் தேவையில்லை. சேர்த்தால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லா வரிகளையும் மறுத்துவிடுவார்கள். 1927 மார்ச்சில் மகாத்தின் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் நீர் அள்ளிக் குடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்தார்கள். எரித்தது உண்மையான நூலை. அதனால்தான் அந்தத் தீயின் வெப்பம் இன்றும் சிலரைச் சுடுகிறது.

அம்பேத்கர் நீட்சேயையும் விடவில்லை. அவர் மறைந்த பின், 1987இல் மகாராஷ்டிர அரசின் தொகுதியில் வெளிவந்த 'இந்துமதத் தத்துவம்' என்ற எழுத்தில் மனுவையும் நீட்சேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்கிறார். நீட்சேயின் மேல்மனிதன் தகுதியால் உயர்ந்தவன். மனுவின் மேல்மனிதன் பிறப்பால் மட்டுமே உயர்ந்தவன் என்று வேறுபாட்டையும் காட்டுகிறார். எதிரியின் நூலையும் ஒழுங்காகப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு இது ஒரு பாடம்.

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். நீட்சே இகழ்ச்சியாகச் சொன்னதை நாம் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளலாமே, இயேசுவே நம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாமே என்ற ஆசை வரக்கூடும். இதேபோல் இன்னொரு தூண்டிலும் உண்டு. 1894இல் நொத்தோவிச் என்ற ரஷ்யப் பத்திரிகையாளர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் இயேசுவின் அறியப்படாத வரலாற்றுச் சுவடியைக் கண்டதாக எழுதினார். அதில் வரும் 'ஈசா' சிறுவயதில் இந்தியா வருகிறார். வைசியருக்கும் சூத்திரருக்கும் வேதம் சொல்லித் தருகிறார். பிராமணரின் கோபத்துக்கு ஆளாகித் தப்பியோடுகிறார். கேட்க நமக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் 1895இல் ஆக்ராவின் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் அந்த மடத்துக்கே போனார். அப்படியொரு சுவடி இங்கில்லை என்று தலைமை லாமா சொல்லிவிட்டார்.

இந்தத் தூண்டில்களை நாம் கடிக்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, சண்டாளர் கோட்பாடு கலகத்தை இரத்தத்தால் விளக்குகிறது. ஏழைக்கு இரங்கு, கடைசியில் நிற்பவனை முன்னே அழை என்பது ஒரு சிந்தனை. அதைச் சிந்தித்தவர்களின் பிறப்பில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டால், அது சாதியின் கணக்கு. நம்மை உயர்த்தும்போதும் அது சாதியின் கணக்குதான்.

இரண்டாவது, பிறப்பை மாற்றி எழுதும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுத்ததாகும். 1899இல் சேம்பர்லின் என்பவர் இயேசு இனத்தால் யூதர் அல்லர் என்று எழுதினார். 1939இல் ஜெர்மனியின் ஐசெனாக் நகரில், திருச்சபையிலிருந்து யூதச் செல்வாக்கைத் துடைத்தெறிவதற்கென்றே ஒரு நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் ஆய்வுப் பொறுப்பில் இருந்தவர் குருண்ட்மன் என்ற இறையியலாளர். யூதத் தடயங்களை அகற்றிய புதிய ஏற்பாட்டை அந்த நிறுவனம் அச்சிட்டது. அதே ஆண்டுகளில் யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இயேசுவை அவருடைய மக்களிடமிருந்து பறித்த கைகளும் அவர்களைக் கொன்ற கைகளும் ஒரே அரசின் கீழ் வேலை செய்தன. இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களின் முன்னோரைப் பிடுங்கி நம் வீட்டுச் சுவரில் படமாக மாட்டுவது நமக்கு அழகல்ல.

சான்றுகள் சொல்வது என்ன? இயேசு கலிலேயாவைச் சேர்ந்த யூதர். கைவினைத் தொழில் செய்தவர். ரோமானியர் ஆண்ட மண்ணில், பிலாத்து ஆளுநராக இருந்தபோது சிலுவையில் அறையப்பட்டார். சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. சுமார் 112இல் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் திராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறித்தவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று அறிய, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக அதில் சொல்கிறார். அந்தப் பெண்களின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. அதே நூற்றாண்டில் செல்சஸ் என்ற அறிஞர், இந்த மதத்தைப் பரப்புகிறவர்கள் கம்பளி நூற்பவர்கள், செருப்புத் தைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள் என்று ஏளனம் செய்தார். அவரை மறுத்து ஒரிகன் எழுதிய நூலால் அந்த ஏளனம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

உழைக்கும் மக்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு எதிரிகளின் ஏடுகளே சாட்சி. கற்பனைப் பயணமோ காணாமல்போன சுவடியோ இதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் தொடக்கம் மட்டும் எதற்கும் உத்தரவாதம் ஆகாது. வசதி படைத்தவர்களும் அந்தச் சபைகளில் இருந்தார்கள். அடிமை முறையைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் ஏற்றுக்கொண்டது. நம் வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்களைப் பற்றி இந்த அவைக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

நம் வரலாற்றை எழுதும்போதும் இதே அளவுகோல் வேண்டும். ஏடுகளை நம்மிடம் விட்டுவைக்கவில்லை. ஆகவே ஊகிக்காமல் நம்மால் எழுத முடியாது. 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலை எழுதிய அம்பேத்கர் அதை ஒளிக்கவில்லை. எங்கே சான்று உண்டு, எங்கே கண்ணி அறுந்திருக்கிறது, எங்கே ஊகத்தால் இணைக்கிறோம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு வாதிட்டார். ஜக்கோலியோ ஊகத்தைச் சுவடி என்றார். அம்பேத்கர் ஊகத்தை ஊகம் என்றார். இருவருக்கும் உள்ள தூரம் அதுதான்.

ஆகவே, நம்மைப் புகழ்ந்து ஒரு வரலாறு வரும்போது முதலில் கேட்போம்: மூலம் எங்கே? அதைப் பார்த்தவர் யார்? இதை நாம் சொன்னால் யாருடைய முன்னோர் பறிபோகிறார்கள்? பதில் சொல்லாத வரலாறு எவ்வளவு இனித்தாலும் நம் இளைஞர்கள் கையில் அதைக் கொடுக்க வேண்டாம். பிளினி பெயர் எழுதாமல் விட்ட அந்த இரண்டு பெண்களைப்போல் நம் தெருக்களிலும் எத்தனையோ பேர் பதியப்படாமல் இறந்திருக்கிறார்கள். கோயில் கணக்கிலும் நிலப் பத்திரத்திலும் காவல் நிலையக் குறிப்பிலும் தேடி அவர்களை எழுதுவோம். அந்த வேலையே நமக்கு ஏராளமாகக் கிடக்கிறது.