குடிக்காதவர் யார்? மது – மறதிநோய் ஆய்வுகளில் ஓர் அளவுகோல் சிக்கல்

லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடர்ந்துவரும் வைட்ஹால் 2 ஆய்வு, மதுவும் மூளையும் பற்றி அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் இரு வேறு விடை சொன்னது. 2017இல் 550 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்தார்கள். வாரம் 14 முதல் 21 யூனிட் வரை குடித்தவர்களிடம், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் வலப்பக்கம் சுருங்கியிருக்கும் வாய்ப்பு குடிக்காதவர்களைப்போல் மூன்று மடங்கு. கொஞ்சமாகக் குடித்தவர்களுக்கும் எந்தப் பாதுகாப்பும் தென்படவில்லை. 2018இல், அதே ஆய்வின் 9,087 பேரைச் சராசரியாக 23 ஆண்டுகள் தொடர்ந்த கணக்கு வந்தது. அதில் 14 யூனிட்டைத் தாண்டியவர்களோடு, நடுவயதில் குடிக்காதிருந்தவர்களுக்கும் மறதிநோய் கூடுதல். இரண்டில் எது மதுமேசையில் மேற்கோளாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோளாறு ஒப்பீட்டுக்கு நிறுத்திய கூட்டத்தில் இருக்கிறது என்பது என் வாதம். படிவத்தில் ‘குடிப்பதில்லை’ என்ற கட்டத்தில் டிக் போடுபவர் யார்? பிறந்ததிலிருந்து தொடாதவர் இருப்பார். கல்லீரல் கெட்டு, மருத்துவர் எச்சரித்து, போன வருடம் விட்டவரும் அதே கட்டத்துக்குள் வந்துவிடலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுவதால் விருந்தில் கிளாஸைத் தள்ளிவைக்கிறவரும் உண்டு. குடிக்காதவர்களின் கூடுதல் ஆபத்தில் ஒரு பகுதி இதயநோய், நீரிழிவு போன்றவற்றால் விளைந்தது என்று 2018 கட்டுரையே சொல்கிறது.

மறதிநோயில் இன்னொரு முடிச்சும் உண்டு. மருத்துவர் அதற்குப் பெயர் எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது உள்ளே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெளியே போவது குறைகிறது, சேர்ந்து உட்காரும் நண்பர்கள் குறைகிறார்கள், கூடவே குடியும் குறைகிறது. அமெரிக்கப் படைவீரர்களையும் பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தினரையும் சேர்த்து 5,59,559 பேரை ஆராய்ந்த 2025ஆம் ஆண்டு ஆய்வு இதைத் தரவில் காட்டியது: மறதிநோய் வந்தவர்கள், அது கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் குடியைக் குறைத்திருந்தார்கள். அவரவர் சொன்ன அளவை வைத்துப் பார்த்தபோது, கொஞ்சம் குடிப்பவருக்கே ஆபத்து குறைவு என்னும் பழைய வளைகோடு அங்கும் தெரிந்தது. குடிக்கும் போக்கோடு தொடர்புள்ள மரபணுக்களை வைத்துப் பார்த்தபோது அந்த வளைவு காணாமல் போயிற்று. குடிக்கும் போக்கு ஏற ஏற ஆபத்தும் ஏறியது. பின்னால் வரும் நோய், பிறவியில் அமைந்த மரபணுவை மாற்றாது. இம்முறையின் வலு அதுதான். ஆனாலும் அந்தச் சான்று ஐரோப்பிய வம்சாவளியினரிடமே வலுவாகத் தெரிந்தது. நமக்கு அப்படியே பொருத்தத் தயக்கம் வேண்டும்.

பொருத்துவதற்கு முன் யூனிட்டை நம் பாட்டிலில் அளக்கலாம். பிரிட்டனின் ஒரு யூனிட் 10 மி.லி. தூய ஆல்கஹால். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மி.லி.; பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். பெருக்கினால் 77 மி.லி., அதாவது 7.7 யூனிட். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்பவர் அந்த 14ஐத் தாண்டியாயிற்று; தம்மை அளவாகக் குடிப்பவர் என்றே அவர் எழுதுவார். அரை குவார்ட்டரான ஒரு கட்டிங்கே நாலு யூனிட்டை நெருங்குகிறது.

ஆகவே இங்கே மறதிநோய் ஆய்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் ‘குடிப்பீர்களா?’ என்பதோடு நிறுத்தக் கூடாது. இல்லை என்பவரிடம், எப்போதாவது குடித்ததுண்டா, எந்த வயதில் விட்டீர்கள், எதனால் விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். குடிப்பவரிடம் யூனிட் கேட்டுப் பயனில்லை. எத்தனை குவார்ட்டர், எத்தனை கட்டிங் என்று கேட்க வேண்டும்.