மணல்வாழ் கடற்புழுக்களின் விந்தணு

கடற்கரை ஈரமணலின் இடுக்குகளில், துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள நீரில், மயிரிழை போன்ற புழுக்கள் வாழ்கின்றன. அவற்றில் பல, சில மில்லிமீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை. இவற்றின் உடலமைப்பு எளியது, விந்தணு அப்படியன்று.

சென்னைக் கடற்கரை இப்புழுக்களின் ஆய்வில் பழைய களம். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர். கோபால ஐயரும் கே. எச். அலிக்குஞ்ஞியும் 1940இல் இங்கிருந்து பிசியோனிடென்ஸ் இண்டிகாவையும், 1944இல் பாலிகோர்டியஸ் மெட்ராசென்சிஸ், சாக்கோசிர்ரஸ் மைனர் ஆகியவற்றையும் புதிய இனங்களாக விவரித்தனர். பிசியோனிடென்ஸ் அடங்கிய பிசியோனிட் புழுக்களின் இனப்பெருக்க உறுப்புகளை அலிக்குஞ்ஞி தனியாகவும் ஆராய்ந்தார்.

விந்தணுவின் வடிவத்துக்கும் கருவுறும் முறைக்கும் உள்ள உறவை 1956இல் சுவீடனின் ஓகே ஃபிரன்சேன் விரிவாக எடுத்துக்காட்டினார். நீரில் நேராக விடப்படும் விந்தணுவுக்குக் குட்டையான தலை, அதன் கீழே சில உருண்டை மைட்டோகாண்ட்ரியாக்கள், ஒன்பது இரட்டை நுண்குழல்கள் நடுவிலுள்ள இரண்டைச் சூழ்ந்த கசைவால் ஆகியவை இருக்கும். பெண்ணின் உடலுக்குள் செல்வதில் தலை நீண்டு ஒடுங்குகிறது, மைட்டோகாண்ட்ரியாக்களும் நீள்கின்றன. வளையப்புழுக்களில் பேரி ஜேமிசனும் கிரெக் ரௌசும் 1989இல் இடைநிலை ஒன்றையும் சேர்த்தனர்: நீரில் விடப்பட்டு, பெண்ணால் சேகரிக்கப்படுவது.

மணல்வாழ் புழுக்களில் உள்கருவுறுதல் மிகுந்திருப்பதற்குக் காரணம் உடலின் சிறுமை. சில முட்டைகளே கொள்ளும் புழு அவற்றையும் விந்தையும் அலையில் இறைத்தால் இழப்பே மிஞ்சும். ஆகவே சாக்கோசிர்ரஸ், பிசியோனிட் ஆண்களுக்குப் புணர்ச்சி உறுப்புகள் உண்டு. புரோட்டோட்ரிலஸ் புழுவோ விந்துப்பொதி அளிக்கிறது. இப்புழுவில் கருவுறச் செய்பவற்றோடு, கருவுறச் செய்யாத வேறொரு வகை விந்தணுவும் உருவாகிறது. உடல் நீண்ட பாலிகோர்டியஸ் மட்டும் உடற்சுவர் வெடித்து இனச்செல்களை நீரில் விடுகிறது.

குட்டைத்தலை வடிவமே மூதாதையுடையது என்று எங்கும் கொள்வது தவறு. கருவுறும் முறை மாறினால் வடிவமும் மாறும். உறவற்ற புழுக்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேரவும் கூடும்.

எல்லை கடந்த மாற்றம், 1956இல் பீட்டர் ஆக்ஸ் அறிவித்த தாடைப்புழுக்கள் என்னும் மணல்வாழ் குழுவில் காணப்படுகிறது. ஒரு பிரிவில் விந்தணு திருகுத்தலையும் வாலும் கொண்ட இழை. மற்றதில் வாலே இல்லை. சிலவற்றில் அது சிறு உருண்டை, சிலவற்றில் பெரிய கூம்பு. முதற்பிரிவின் அறிவியல் பெயரான ஃபிலோஸ்பெர்மாய்டியாவுக்கே 'இழை விந்தணு உடையவை' என்று பொருள்.