குழந்தைப் புற்றுநோயும் கோலாலம்பூர் தாதியரும்

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை மருந்தால் தணிக்கலாம் என்று 1948இல் பாஸ்டனில் காட்டியவர் சிட்னி ஃபார்பர். அம்மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். இந்நோய்க்கு அளிக்கப்படும் மற்றொரு சிகிச்சையான எலும்பு மஜ்ஜை மாற்று, மலேசியாவில் 1987இல் கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில், குழந்தைகளிடம்தான் தொடங்கியது.

இச்சிகிச்சைகளின் பாரம் பெரிதும் தாதியர் தோளில் விழுகிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகும். தவறி முதுகுத்தண்டு நீரில் கலந்தால் உயிரே போகும். ஆகவே ஊசி போடுமுன் பெயர், மருந்து, அளவு, செலுத்தும் வழி நான்கையும் இருவர் சரிபார்ப்பது நியதி. வெள்ளணு குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது; கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ வீடு திரும்பும் தாய்க்கு இதைப் புரியும் மொழியில் சொல்லி அனுப்புவதும் மருந்துக்கு இணையான சிகிச்சையே.