செவ்வாய்க்கிழமைப் புனிதர் மலையேறிய கதை

ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் புனித அந்தோனியாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொலைந்த பொருள் கிடைக்கவும் தீராத நோய் தீரவும் செவ்வாய்க்கிழமைகளில் அவருக்கு மெழுகுதிரி கொளுத்துபவர்களில் இந்துக்களும் நிறையப் பேர். ஆனால் அவர் இந்த மலைக்கு வந்து சேர்ந்த வழி பலருக்குத் தெரியாது.

அவர் லிஸ்பனில் 1195இல் பிறந்தவர். மறைபரப்ப மொரோக்கோ போனார். போன இடத்தில் நோயில் விழுந்தார். ஊர் திரும்பும் கப்பலைப் புயல் சிசிலிக்குத் தள்ளிக்கொண்டு போனது. அப்படித்தான் ஒரு போர்த்துக்கேயர் இத்தாலியின் பெரும் பிரசங்கியானார். 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை பாதுவா அருகே இறந்தார். அடக்கம் நடந்தது செவ்வாயன்று. அந்தச் செவ்வாயே அவருடைய நாளாக நிலைத்தது. அம்மனுக்கும் முருகனுக்கும் உகந்த கிழமையும் அதுவே. இத்தாலியில் யாரும் திட்டமிடாத இந்தப் பொருத்தம், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு தமிழர் நடுவே அவருக்குக் கதவு திறந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இலங்கைக் கதையையும் காற்றுதான் தொடங்கிவைத்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலைத்தீவுப் பக்கம் வணிகக் கப்பல்களை மறிக்கப் போன போர்த்துக்கேயத் தளபதி லொரென்சோ த அல்மெய்தாவின் கப்பல்கள், காற்றில் திசைமாறி இலங்கைக் கரையை அடைந்தன. 1543இல் கோட்டே அரசுக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவிகள் அந்தோனியாரின் சொந்தச் சபையினர். அவரை விட்டுவிட்டா வருவார்கள்?

கரையிலிருந்த புனிதரை மலைநாட்டுக்கு ஏற்றியது போரும் சிறையும். கண்டி மன்னர்களிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயர் சிலர் இன்றைய மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் குடியேற்றப்பட்டார்கள் என்பது அவ்வூர் மரபு. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள், குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1687இல் கோவாக் குருவான யோசேப் வாஸ், கூலியாளைப் போல உடுத்தி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்குப் போனவரை உளவாளி என்று சிறையில் போட்டார்கள். பிறகு மன்னரே ஆதரித்தார்; 1711இல் வாஸ் கண்டியிலேயே இறந்தார். அவருக்குப் பின் கண்டி அரசும் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிய காலம் வந்தது. வஹகோட்டை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிங்களம் பேசும் கிராமத்தவராகவே மாறிப்போனார்கள். அந்தோனியாரை மட்டும் விடவில்லை. இந்தக் கதையில் என்னை அதிகம் நெகிழ வைப்பவர்கள் இவர்கள்தான்.

1820களில் கோப்பித் தோட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள் தொழிலாளர். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் ஏராளம். பெரும்பாலோர் மாரியம்மனை நம்பி வந்தவர்கள். கத்தோலிக்கரும் சிலர் இருந்தார்கள். கோப்பி நோயில் அழிந்து தேயிலை ஓங்கியது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. லயங்களுக்குப் பக்கத்தில் சிறு ஆலயங்கள் எழுந்தன. கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, நேர்த்திக்கடன் என்று திருவிழா முழுக்கத் தமிழ் மண்ணின் சாயலில் அமைந்தது.

   

போர்த்துக்கேயக் கைதிகளின் வழிவந்த வஹகோட்டைக்கு இன்று தோட்டத் தமிழரும் யாத்திரை போகிறார்கள். சிங்களவரும் தமிழரும் ஒரே சுருவத்தின் முன் முழந்தாளிடுகிறார்கள். குருக்கள் இல்லாத காலத்தில் இந்தப் பக்தியைக் காத்த சாதாரண மக்களில் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உங்கள் தோட்டத்து ஆலயச் சுருவத்தை யார், எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள்.