கடலூர் பெனிசிலின்: வளர்த்தவர்கள் தோற்ற கதை

தாம்பரத்தில் எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் அமாக்ஸிசிலின் கிடைக்கும். ஆனால் அதற்கு மூலப்பொருளான பெனிசிலின்-ஜி பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் வரை போய், புதுச்சேரி பக்கம் திரும்பினால் வரும் கடலூரில், 1990-களில் அதைத் தயாரித்துக்கொண்டு இருந்தார்கள்!

இந்தியாவில் பெனிசிலின் தொடங்கியது புனே அருகே பிம்ப்ரியில். 1954-ல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டே உற்பத்தி. பின்னாளில் தூத்துக்குடி உரக் கம்பெனியான ஸ்பிக், கடலூர் சிப்காட்டில் பெனிசிலின் ஆலை போட்டது. உரத்துக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் எல்லாரும் எல்லாவற்றிலும் இறங்கினார்கள்.

வேலை சுலபமில்லை. ராட்சதத் தொட்டியில் சர்க்கரையும் சோளம் ஊறிய சாறும் ஊற்றி, பூஞ்சையை நாள் கணக்கில் வளர்க்க வேண்டும். கிருமி இல்லாத காற்றை இடைவிடாமல் ஊத வேண்டும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், குளிர்விக்கவும் வேண்டும். மூன்றுமே மின்சாரத்தை விழுங்கும். பிறகு பூஞ்சையை வடிகட்டி, சாற்றைக் குளிரவைத்து அமிலம் சேர்த்தால், பெனிசிலின் பியூட்டைல் அசிடேட் கரைப்பானுக்குத் தாவிவிடும். தாமதித்தால் அதே அமிலம் அதைச் சிதைத்துவிடும்! அதனால் உடனே பொட்டாசியம் உப்பாகப் படிகமாக்குவார்கள்.

அடுத்ததுதான் உடைப்பது. பெனிசிலின் அசைலேஸ் என்ற நொதி பெனிசிலினின் பக்கவாலை மட்டும் நறுக்கும். மிஞ்சுவது 6-ஏ.பி.ஏ. அதில் வேறு வால் ஒட்டினால் ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின். முன்பு இதையே மைனஸ் 40 டிகிரி குளிரில், காரமான ரசாயனங்களோடு செய்தார்கள். நொதி வந்ததும் சாதாரண வெப்பத்தில், தண்ணீரிலேயே முடிகிறது. கிருமிகள் வைத்திருக்கும் பெனிசிலினேஸ் இன்னொரு நொதி. அது வாலை விட்டுவிட்டு வளையத்தை வெட்டும், மருந்து செத்துப்போகும்.

சரி, தோற்றது எங்கே? கணக்கில்தான். உடைப்பவருக்கு பெனிசிலின்-ஜி மூலப்பொருள், மலிவாக வந்தால் லாபம். வளர்ப்பவருக்கு அதுவே விற்கும் சரக்கு. இறக்குமதி திறந்துவிடப்பட்டு சீனச் சரக்கு அடிமாட்டு விலையில் இறங்கியபோது, ஒரே துறைக்குள்ளேயே இரண்டு கட்சி. வரி போடு என்றது ஒன்று, போடாதே என்றது மற்றது. இந்திய ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. கடலூரும் தப்பவில்லை. உடைப்பவர்கள் ஜெயித்தார்களா என்றால், அதுவும் இல்லை. கொஞ்ச காலத்தில் 6-ஏ.பி.ஏ.-வே சீனாவிலிருந்து வரத் தொடங்கியது.

கொரோனா வந்த 2020-ல்தான் டெல்லி விழித்துக்கொண்டு மூலமருந்துகளுக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. 2024 அக்டோபரில் ஆந்திராவின் காக்கிநாடாவில், அரவிந்தோ குழுமத்தின் லைஃபியஸ் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 15,000 டன் திறன். திறந்த கையோடு, இறக்குமதிக்குக் குறைந்தபட்ச விலை வை என்று ஒரு தரப்பும், வைக்காதே என்று இன்னொரு தரப்பும் மறுபடி மல்லுக்கு நின்றன.